பின்கொட்டிலில் ஒலிபொல்லன்

கேள்வியோடு வருகிறவர்களைச் சத்தியதேவி வாசலில் நிற்கவைப்பதில்லை. டிசம்பர் குளிரில் கேள்வி விறைத்துவிடும் என்பார்.

அருளம்பலம் வந்தது வருடத்தின் கடைசி நாள் காலை. சைக்கிளை வேலியில் சாத்தினார். பூட்டினார். பூட்டு சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகுதான் மணியை அடித்தார்.

நெதர்லாந்தின் வடக்கே இருக்கிற அந்தச் சிறிய ஊரில் தமிழ்க் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் கூடிப் பாடுகிற ஒரு சங்கம் உண்டு. அதற்கு அருளம்பலம் செயலாளர். பாடியதற்குப் பொருள் சொல்லுகிறவர் சத்தியதேவி. காவி உடுத்தமாட்டார். கம்பளிச் சட்டை, கனத்த காலுறை, அவ்வளவுதான். அருளம்பலத்துக்கு அவர் குரு. வயதிலே அருளம்பலம் மிகவும் மூத்தவர். ஆகவே சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "அண்ணை" என்பார். இரண்டு பேருக்கும் இதில் சங்கடம் எதுவும் இருந்ததில்லை.

"அம்மா, ஒரு கேள்வி."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கேளுங்கோ."

கழற்றினார். கேட்டார்.

"தவமலர் ஏன் போனவ?"

தவமலர் அவருடைய மனைவி. இலையுதிர் காலத்தில் ஒருநாள், சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் களைச்சுப் போச்சுது" என்று சொன்னார். "அப்ப தங்கச்சி வீட்டை போய் நாலு நாள் இருந்திட்டு வாருமன்" என்றார் அருளம்பலம். நல்ல மனதோடுதான் சொன்னார். தவமலர் போனார். இலைகள் கொட்டி முடிந்து மரங்கள் மொட்டையாகிவிட்டன. இப்போது தங்கச்சி இருக்கிற ஊரிலேயே தனக்கென்று ஓர் அறை எடுத்துவிட்டாராம்.

"ஏன் எண்டு அவவிட்டையே கேட்டனீங்களோ?"

"கேட்டன். களைப்பு எண்டா. என்ன களைப்பு, அம்மா? பென்சன் வந்திட்டுது. பிள்ளையள் தங்கடை தங்கடை பாட்டிலை. வீட்டிலை நானும் அவவும்தான். இவ்வளவு காலம் ஓய்வெடுத்த பிறகும் களைப்பு எண்டால் அது என்ன நியாயம்?"

சத்தியதேவி தேநீர் ஊற்றினார்.

"நான் குடிக்கிறேல்லை. சீட்டாடுறேல்லை. ஒருநாளும் கை நீட்டினதில்லை. சாப்பாட்டிலை உப்புக் கூடிப்போச்சுது எண்டு கூட ஒருநாள் சொன்னதில்லை."

செய்யாதவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. தேநீர் ஆறியது.

"இண்டைக்குப் பின்னேரம் வாறா, அம்மா. தையல் மிசினையும் குளிருடுப்பையும் எடுத்துக்கொண்டு போக. தையல் மிசின் போச்சுதெண்டால் அவ பிறகு வரமாட்டா. அது எனக்குத் தெரியும். அதுக்குள்ளை நான் சரியானதைச் சொல்ல வேணும். என்ன சொல்ல?"

"என்ன சொல்ல நினைச்சிருக்கிறீங்கள்?"

"நாலு கேள்வி ஆயத்தம் பண்ணி வைச்சிருக்கிறன்."

"கேள்வியோ?"

"ஒண்டிலை ஒண்டு கொழுவியிருக்கு. முதலாவதுக்கு என்ன மறுமொழி சொல்லுவா எண்டு தெரியும். அதைச் சொன்னாவெண்டால் நாலாவதுக்கு அவவாலை ஒண்டும் சொல்லேலாது."

"அவவாலை ஒண்டும் சொல்லேலாமல் போனால் வீட்டிலை நிப்பாவோ?"

அருளம்பலம் இதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "நியாயம் எண்டு ஒண்டு இருக்குத்தானே, அம்மா."

சத்தியதேவி கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். திரும்பி வந்தார்.

"இண்டைக்கு இரவு சங்கத்துக்கு ஒலிபொல்லன் வருமோ?"

ஒலிபொல்லன் என்றால் எண்ணெய் உருண்டை. கோதுமை மாவை ஈஸ்டும் பாலும் முட்டையும் விட்டுக் கரைத்து, ஆப்பிளும் முந்திரிகை வற்றல் என்கிற உலர்ந்த திராட்சையும் போட்டு, பொங்கவைத்து, எண்ணெயில் பொரித்து, மேலே பொடித்த சீனி தூவி, டச்சுக்காரர் வருடத்தின் கடைசி நாளில் தின்பது. வாழைப்பழம் பிசைந்து பொரிக்கிற நமது வாய்ப்பனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே தவமலர் அதைப் பழகிவிட்டார். வருடா வருடம் சங்கத்துக்கும் அந்தத் தெருவுக்கும் அவர்தான் செய்வார். தட்டு உள்ளே வந்ததும் சனம் பாட்டை நிறுத்திவிடும்.

"எப்பிடி வரும்? அவ இல்லையே."

"நீங்கள் இருக்கிறீங்கள்தானே."

"நானோ?" அருளம்பலம் சிரித்தார். சத்தியதேவி சிரிக்கவில்லை. "அம்மா, நான் கேட்டது வேறை—"

"நீங்கள் கேட்டது விளங்கினது. வாங்கோ, உங்கடை வீட்டை போவம்."

சைக்கிள்கள் இரண்டும் வாய்க்கால் ஓரமாகப் போயின. தெருவில் பிள்ளைகள் இப்போதே பட்டாசு கொளுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் சத்தியதேவி சன்னலோரம், வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். அது அருளம்பலத்தின் நாற்காலி. அந்த வீட்டில் வேறு யாரும் அதில் உட்கார்வதில்லை. குருவிடம் எழும்புங்கோ என்று சொல்ல முடியுமா? அருளம்பலம் குசினிக்குப் போனார்.

"அம்மா, கோதுமை மா எங்கை இருக்கும்?"

"எனக்கென்னெண்டு தெரியும், அண்ணை? உங்கடை வீடு."

அலுமாரிகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. போத்தல் போத்தலாக வெள்ளை மா இருந்தது. ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. வைத்தவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. அருளம்பலம் மூன்று போத்தல்களை மேசையில் வைத்து மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக மணந்து பார்த்தார். ஒன்று அரிசி. ஒன்று உழுந்து. மூன்றாவதில் முகத்தை நெருக்கமாகக் கொண்டுபோய்த் தும்மினார்.

"அது கோதுமைதான்" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஈஸ்ட் கிடைக்கவில்லை. பின்கதவால் வேலிக்குப் போனார். அப்பால் அடுத்த வீட்டு ரியா, பட்டாசுக்குப் பயந்த தன் நாயை மடியில் வைத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். தவமலருக்கு இந்தப் பலகாரத்தைப் பழக்கியவர் இந்த ரியாதான். அவர்கள் டச்சில் பேசினார்கள்.

"தவா வந்துவிட்டாளா?" என்றார் ரியா ஆவலாக.

"பின்னேரம் வருகிறாள். ஒலிபொல்லன் நான் பொரிக்கப் போகிறேன்."

ரியா நாயைப் பார்த்தார். நாயும் ரியாவைப் பார்த்தது.

"காப்புறுதி எல்லாம் கட்டியிருக்கிறாய்தானே?"

"ஈஸ்ட் இருக்கிறதா என்று கேட்க வந்தேன்."

ரியா உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே சொன்னார். பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். உப்பை ஈஸ்டுக்கு மேலே போடாதே. துணியால் மூடி, சூடான இடத்தில் வை. இரண்டு பங்காகப் பொங்கும். "பொங்கின பிறகு கரண்டி போட்டுக் கலக்காதே. கேட்கிறதா? பொங்கினது பொங்கினபடியே இருக்கட்டும். இரண்டு கரண்டியால் மெதுவாக அள்ளி எண்ணெயில் விடு."

"இதை எல்லாம் தவமலர் எனக்குச் சொன்னதே இல்லை."

"நீ கேட்டாயா?" என்றார் ரியா. பொட்டலத்தைக் கொடுத்தார்.

மாவைக் கரைத்து மூடி வைத்தாயிற்று. காத்திருக்க வேண்டும். அருளம்பலம் சாப்பாட்டு மேசையின் கடினமான கதிரை ஒன்றில் அமர்ந்தார். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

"அம்மா, அந்த நாலு கேள்வியையும் சொல்லிப் பார்க்கட்டோ?"

"சொல்லுங்கோ."

"முதலாவது: நான் உமக்கு ஒருநாளாவது குறை சொன்னனானோ? ரெண்டாவது: எங்கையாவது போக வேண்டாம் எண்டு மறிச்சனானோ? மூண்டாவது: நாலு பேருக்கு முன்னாலை உம்மடை கையைப் புகழாமல் விட்டனானோ? நாலாவது: அப்ப ஏன் போனனீர்?"

விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னார். நாலாவதில் கை ஒரு முட்டியாக வந்து நின்றது.

"நல்லாக் கட்டியிருக்கிறீங்கள்" என்றார் சத்தியதேவி. "தவமலருக்கு ஒலிபொல்லனிலை எது விருப்பம்? ஆப்பிள் கூடப் போட்டதோ, வற்றல் கூடப் போட்டதோ?"

"அது..." அருளம்பலம் நிதானமாக யோசித்தார். "அவ சாப்பிட்டு நான் காணேல்லை."

"சாப்பிடாதவவோ?"

"பொரிக்கிற ஆளுக்குச் சாப்பிட மனம் வராதாம். அந்த எண்ணெய் மணத்திலேயே வயிறு நிறைஞ்சிடுமாம். அவவே சொன்னவ."

"ஓ."

"உண்மைதானே அம்மா? சமைக்கிற ஆக்கள் எல்லாரும் சொல்லுறதுதானே?"

"எல்லாரும் சொல்லுறவைதான்."

மா பொங்கியிருந்தது. துணியைத் தூக்கியபோது சட்டியின் விளிம்புவரை ஏறி, மேலே சின்னச் சின்னக் குமிழ்களோடு நின்றது. அருளம்பலத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. தவமலர் காலையில் தோசை மாவை எப்படி எடுப்பார் என்பதை அவர் பலநூறு தடவை கண்டிருக்கிறார். புளித்த மாவை அகப்பையால் அடியோடு ஒரு சுற்றுச் சுற்றாமல் எந்தத் தமிழ் வீட்டிலாவது எடுப்பார்களா? அகப்பையை விட்டு அடியோடு சுற்றினார்.

மா ஒரு பெருமூச்சு விட்டது. இறங்கியது. சட்டியின் அடியில் பசை மாதிரிக் கிடந்தது.

"அம்மா..."

"ம்?"

"ரியா கலக்க வேண்டாம் எண்டு சொன்னவ."

"பின்னை ஏன் கலக்கினீங்கள்?"

"தோசை மாவைக் கலக்கிறதுதானே?"

"இது தோசை மாவோ?"

அருளம்பலம் அகப்பையை வெளியே எடுத்தார். மறுபடி மூடி வைத்தார். மறுபடி காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் கேள்விகளைச் சொல்லிப் பார்க்கவில்லை.

மா இரண்டாம் தரம் எழுந்தது. முதல் தரம் அளவுக்கு இல்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவை நோக்கி நடந்தார்.

"எங்கை போறீங்கள்?"

"பின்கொட்டிலுக்கு. உள்ளை பொரிச்சால் மணம் திரைச்சீலையெல்லாம் ஏறிப்போடும். மாசி வரைக்கும் போகாது. அதாலை நான்தான் அங்கை காஸ் அடுப்புப் பூட்டிக் குடுத்தனான். அவவுக்கு வசதியாய் இருக்கட்டும் எண்டு."

"நல்ல ஏற்பாடு" என்றார் சத்தியதேவி. "போகேக்கை கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ. குளிர் வருது."

கொட்டில் என்பது நாலு பலகைச் சுவர், ஒரு தகரக் கூரை. சைக்கிள்களும் மண்வெட்டியும் ஒரு பக்கம், அடுப்பு மறுபக்கம். கதவுக்குக் கீழே கை நுழைகிற இடைவெளி. அதனூடாக வாய்க்கால் காற்று வந்து நெருப்பைச் சாய்த்தது. எண்ணெய் சூடேற நேரம் எடுத்தது. அருளம்பலம் அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டார்.

முதல் உருண்டைகள் விழுந்த உடனேயே கறுத்தன. எடுத்துப் பிய்த்தால் உள்ளே பச்சை மா வழிந்தது. ஒரு தட்டில் போட்டு உள்ளே கொண்டுவந்தார்.

சத்தியதேவி கால்களை வெப்பக் குழாயில் நீட்டிக்கொண்டு பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கருகிப் போச்சுது. உள்ளுக்கு வேகேல்லை."

"கதவு, அண்ணை. மணம் வருது."

போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"கருகிப் போச்சுது, அம்மா."

"அதை ஏன் இஞ்சை கொண்டு வாறீங்கள்? நல்லது வரேக்கை கொண்டு வாங்கோ."

தட்டோடு திரும்பிப் போனார்.

வேலிக்கு அப்பாலிருந்து ரியாவின் குரல் வந்தது. "புகை வருகிறது! அடுப்பைக் குறை! தீயணைப்புக்காரருக்கு இன்றைக்கு வேறு வேலை இருக்கிறது!"

குறைத்தார். கூடக் குறைத்துவிட்டார். அடுத்த உருண்டைகள் எண்ணெயைக் குடித்துக் குடித்துப் பஞ்சு மாதிரி ஊறின. மறுபடி கூட்டினார். அடுத்தவை பாதி கறுத்தன. அவருடைய கம்பளிச் சட்டையில் எண்ணெய் தெறித்தது. மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை சும்மா இல்லை. முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

பிறகு ஒன்று சரியாக விழுந்தது. எண்ணெய் அதைச் சுற்றி அமைதியாகக் கொதித்தது. கீழ்ப்பக்கம் வெந்ததும், யாரும் தொடாமலே, அந்த உருண்டை மெல்ல ஆடித் தன்பாட்டில் புரண்டு படுத்தது. பொன்னிறமான முதுகு மேலே வந்தது.

"ஆ!" என்றார் அருளம்பலம். கரண்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

மண்வெட்டி நின்றது. சைக்கிள்கள் நின்றன. ரியாவும் நாயும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். காட்ட ஆள் இல்லை.

நல்லவை மூன்றைத் தட்டில் வைத்து, சீனி தூவி, உள்ளே கொண்டுபோனார். கதவைச் சாத்தினார்.

சத்தியதேவி ஒன்றைக் கடித்தார். "அருமை. உங்கடை கை அப்பிடி, அண்ணை."

கொட்டிலுக்குத் திரும்பும்போது அருளம்பலத்துக்குக் குளிர் தெரியவில்லை.

அடுத்த தட்டு.

"அருமை" என்றார் சத்தியதேவி. "தேத்தண்ணி ஒண்டும் கிடைச்சால் நல்லம்."

தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் எண்ணெயில் கிடந்தவை கறுத்திருந்தன.

அதற்கும் அடுத்த தட்டு. இதுவரை வந்தவற்றில் இதுதான் சிறந்தது. உருண்டை உருண்டையாக, ஒரே நிறமாக, உள்ளே ஆப்பிள் கரைந்து, மேலே மொறுமொறுவென்று. தட்டை நீட்டிவிட்டு அவர் நின்றார்.

"ம், அருமை." பத்திரிகையின் பக்கம் திரும்பியது.

அவர் போகவில்லை.

"அம்மா, முந்திக் கொண்டுவந்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியேல்லையோ?"

"ஏன், நான் குறை சொன்னனானோ?"

"இல்லை..."

"நல்லாயிருக்கெண்டுதானே சொன்னனான்."

"ஓம். எண்டாலும்..."

"எண்டாலும்?"

எண்டாலும் என்பதற்குப் பிறகு என்ன வரும் என்று அருளம்பலத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. சங்கத்தில் அவரோடு வாதாடி வென்றவர்கள் இல்லை. அவர் வேறு வழியால் வந்தார்.

"ஒருக்கால் வெளியிலை வந்து பாருங்கோவன். தன்பாட்டிலை புரளுது, அம்மா. பார்க்க ஒரு வடிவு."

"எனக்குத் தெரியாத வேலை. நான் வந்து நிண்டு என்ன செய்ய? இடைஞ்சல்தான்."

எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருந்தது. யாருடைய குரலில் கேட்டது என்று கொட்டில் வரைக்கும் நடந்தும் பிடிபடவில்லை. எண்ணெயில் அடுத்ததை விட்டபோதுதான் பிடிபட்டது: தன்னுடைய குரலில். அந்த உருண்டை புரளும்வரை அவர் கரண்டியை அசைக்கவில்லை.

பிறகு உள்ளே கொண்டுபோகவில்லை. நின்று, மா முடியும்வரை பொரித்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியது. தூரத்தில் எங்கோ வெடிகள் தொடர்ந்து வெடித்தன. அடுப்பை அணைத்துவிட்டு, பெரிய தட்டில் நல்லவற்றைக் கோபுரமாக அடுக்கினார். சீனியைத் தூவினார். உள்ளே வந்து மேசை நடுவில் வைத்தார். ஒரு சின்னத் தட்டில் தனியே நாலைந்து பொறுக்கி வைத்து, மேலே வெள்ளைத் துணி ஒன்றால் மூடினார்.

"அது ஆருக்கு?"

"தவமலருக்கு. ஆப்பிள் கூட விழுந்ததாய்ப் பார்த்து எடுத்தனான். வற்றல் கூட விழுந்ததும் ரெண்டு இருக்கு. எது விருப்பமெண்டு தெரியாதே."

சத்தியதேவி பத்திரிகையை மடித்தார்.

"வந்திடுவா" என்றார் அருளம்பலம், சன்னலைப் பார்த்து. "அம்மா, முதலாவது கேள்வியை விட்டிடலாம் எண்டு நினைக்கிறன்."

"ஏன்?"

"அது... சரியான கேள்விதான். ஆனால் கேக்க நல்லாயில்லை."

"மூண்டாவது?"

"புகழ்ந்தது பற்றினதோ?" மேசையில் சிந்திய சீனியை விரலால் ஒதுக்கினார். "அதையும் விட்டிடலாம்."

"மிச்சம் ரெண்டும் தனிய நிக்குமோ?"

"நிக்காது. ஒண்டிலை ஒண்டு கொழுவித்தான் கட்டினனான்."

சத்தியதேவி கோபுரத்தைப் பார்த்தார்.

"நிறைய மாவெல்லோ கரைச்சனீங்கள்? இவ்வளவுதானோ வந்தது?"

"கருகினது கனக்கப் போச்சுது, அம்மா. பஞ்சாய் ஊறினதும் இருந்தது."

"எறிஞ்சிட்டீங்களோ?"

"சாப்பாட்டை எறியிறதோ?" அருளம்பலத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "பசியும்தானே. நிண்ட நிலையிலை ஒண்டொண்டாய்த் திண்டு முடிச்சிட்டன். இப்ப வயித்துக்குள்ளை கல்லு மாதிரிக் கிடக்கு. இந்த நல்லதுகளைப் பார்க்கவே ஏலாது."

"நல்லதிலை ஒண்டு எடுத்திருக்கலாமே."

"அது வாற ஆக்களுக்கெல்லோ?"

இதில் வாதத்துக்கே இடமில்லை என்பதுபோலச் சொன்னார். பிறகு பெருமையோடு தலையை ஆட்டினார்.

"தவமலருக்கு இப்பிடி ஒண்டும் கருகிறேல்லை, அம்மா. இவ்வளவு வருசத்திலை ஒண்டு கருகி நான் கண்டதில்லை. தட்டு வந்தால் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. எப்பிடித்தான் செய்தாவோ. அது அவவின்ரை கை."

வாசல் மணி அடித்தது.

தவமலரிடம் அந்த வீட்டின் திறப்பு இருந்தது. ஆனாலும் மணியை அடித்துவிட்டு நின்றார். கதவின் கண்ணாடியில் அவருடைய நிழல் தெரிந்தது. பக்கத்தில் தையல் இயந்திரம் ஏற்றுவதற்கான ஒரு தள்ளுவண்டி.

அருளம்பலம் கம்பளிச் சட்டையை இழுத்து நேராக்கினார். தலைமயிரைத் தடவினார். கதவை நோக்கி நடந்தார்.

"அண்ணை."

திரும்பினார். சத்தியதேவி சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

"மீசையிலை கரி ஒட்டிக்கொண்டிருக்கு. துடைச்சுப்போட்டுப் போங்கோ. தவமலர் ஒவ்வொரு வருசமும் வாயைத் துடைச்சுப்போட்டுத்தான் தட்டோடை உள்ளை வாறவ."

அருளம்பலத்தின் கை மீசை வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

மணி இன்னொரு முறை அடித்தது.

அவர் கையைக் கீழே விட்டார். துடைக்காமலே போய்க் கதவைத் திறந்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.